உங்களுக்குத் தெரியுமா? செல்லை இழுத்துப் பார்க்கும் பாடம்

★ இரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு சுமார் 8 மைக்ரான். மண்ணீரலுக்குள் அது கடந்தாக வேண்டிய இடுக்குகளோ ஒரு மைக்ரான் அகலம்கூட இல்லாதவை. உடலை மடித்து, நீட்டி, நெருக்கிக்கொண்டுதான் வெளியே வர முடியும். ஏறக்குறைய 120 நாள் ஓடி விறைத்துப்போன அணு அங்கேயே சிக்கி அழிக்கப்படுகிறது. செல்களின் இயந்திரவியலை மாணவர்களுக்கு நடத்துகிறவர் இந்த இடுக்கிலிருந்து தொடங்கலாம். வளையும் தன்மை ஓர் அணுவுக்கு உயிர்ப் பிரச்சினை என்பது முதல் வகுப்பிலேயே பதிந்துவிடும்.

★ ஃபால்சிபாரம் வகை மலேரியா ஒட்டுண்ணி குடியேறிய சிவப்பணு, நாளாக ஆக இறுகுகிறது. முற்றிய நிலையில் பத்து மடங்கு வரை விறைப்பு ஏறுவதை அளந்திருக்கிறார்கள். இவ்வளவு இறுகிய அணு மண்ணீரலுக்குப் போனால் மாட்டிக்கொள்ளும். ஒட்டுண்ணி அதற்கும் வழி வைத்திருக்கிறது: அணுவின் மேற்பரப்பில் சிறு முண்டுகளை எழுப்பி, நுண்குழாய்களின் சுவரில் அதை ஒட்ட வைத்துவிடுகிறது. மண்ணீரல் பக்கமே போக வேண்டியதில்லை. இப்படி ஒட்டிய அணுக்கள் மூளையின் நுண்குழாய்களை அடைக்கும்போதுதான் உயிரைப் பறிக்கும் மூளை மலேரியா வருகிறது. காய்ச்சல், மாத்திரை என்று மட்டும் மலேரியாவைப் படித்தவருக்கு, அந்த நோயின் பாதிக் கதை இந்த விறைப்பிலும் பசையிலும் இருப்பது தெரியாமலே போகும்.

★ அந்த விறைப்பை அளந்த குழுவின் தலைவர் சுப்ரா சுரேஷ், 1977இல் சென்னை ஐஐடியில் பட்டம் பெற்ற இயந்திரப் பொறியாளர். உலோகங்கள் திரும்பத் திரும்பச் சுமை தாங்கிக் களைத்து எப்படி விரிசல் விடுகின்றன என்பதுதான் அவர் முதலில் புலமை பெற்ற துறை. பிறகு அமெரிக்காவின் எம்ஐடியில் சிவப்பணுவைக் கையில் எடுத்தார். அணுவின் இரு பக்கமும் நுண்ணிய சிலிக்கா மணிகளை ஒட்டி, லேசர் ஒளியால் பிடித்து இழுத்து, எவ்வளவு நீள்கிறது என்று பார்ப்பது முறை. கம்பியை இழுத்துச் சோதிக்கும் அதே கணக்குதான். விசை மட்டும் ஒரு நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுகளில் ஓடும். இந்த ‘ஒளி இடுக்கி’யைக் கண்டுபிடித்த ஆர்தர் ஆஷ்கின் 2018இல் இயற்பியல் நோபல் பெற்றபோது அவருக்கு வயது 96.

★ ஒரு நோயை முதன்முதலில் ‘மூலக்கூறு நோய்’ என்று அழைத்தவர்கள் லைனஸ் பாலிங்கும் அவருடைய கூட்டாளிகளும். ஆண்டு 1949; நோய், அரிவாள் செல் சோகை. ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் உட்கார்ந்திருக்கிறது என்று பின்னர் வெர்னான் இங்கிராம் காட்டினார். அந்த ஒரே மாற்றத்தால், ஆக்சிஜனை இறக்கிவைத்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து விறைப்பான இழைகளாகின்றன. இழைகள் அணுவை உள்ளிருந்து முட்டி வளைக்கின்றன. வளைந்த அணுக்கள் குழாயை அடைக்கின்றன. எலும்பும் மூட்டும் தாங்க முடியாமல் வலிக்கின்றன. மூலக்கூறு, செல், திசு, நோயாளி என்று நான்கு படிகளையும் ஒரே மூச்சில் ஏறிக் காட்ட ஆசிரியருக்கு இதைப்போல இன்னொரு நோய் கிடைப்பது அரிது. இந்தியாவில் இந்த மரபுக்கூறு முதலில் பதிவானது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம், 1952இல். ஆகவே தமிழ்நாட்டு வகுப்பறைகளில் இது தொலைதூரத்து உதாரணம் அல்ல.

★ மார்பில் கட்டி கல்லைப்போல் கெட்டியாகத் தட்டுப்படுகிறது. ஆனால் கட்டியிலிருந்து கிளம்பிப் பரவும் புற்றுநோய்ச் செல் மென்மையானது! நோயாளிகளின் நுரையீரல் உறை நீரிலிருந்து எடுத்த செல்களை 2007இல் லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் நுண் ஊசியால் அழுத்திப் பார்த்தார்கள். பரவும் செல்கள் சாதாரணச் செல்களைவிட 70 விழுக்காட்டுக்கும் மேல் மிருதுவாக இருந்தன. கெட்டியாக இருப்பது பெரும்பாலும் செல்களைச் சுற்றிக் குவியும் கொலாஜன் நார்கள். மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான், ஆசிரியர் அவசரப்படக் கூடாத இடமும்.

★ ஒரே ஸ்டெம் செல்லை மூளையைப்போல் மெத்தென்ற ஜெல்லில் வளர்த்தால் நரம்புச் செல்லின் சாயல்; தசை அளவு விறைப்பில் தசைச் சாயல்; இன்னும் கெட்டியான பரப்பில் எலும்புச் சாயல். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2006இல் வெளியான முடிவு.

★ உயிர் இயந்திரவியலின் தந்தை எனப்படும் ஒய். சி. ஃபங் (1919–2019), விமான இறக்கைகளின் அதிர்வை ஆராய்ந்தவர். சீனாவில் இருந்த தாய்க்குக் கண் அழுத்த நோய் வந்ததும், அதைப்பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்து, மொழிபெயர்த்து, அங்கிருந்த மருத்துவருக்கு அனுப்பினார். அப்படித்தான் அவர் கவனம் உடலின் பக்கம் திரும்பியது.

★ எம்ஐடியில் ‘மூலக்கூறு, செல், திசு இயந்திரவியல்’ என்றொரு பாடம் உண்டு. அதற்கு நான்கு பாட எண்கள்: உயிரியல் பொறியியல், இயந்திரப் பொறியியல், பொருளறிவியல், மின்பொறியியல் என நான்கு துறைகளும் அதைத் தங்கள் பாடமாகவே வைத்திருக்கின்றன. பாடக் குறிப்புகள் இணையத்தில் இலவசம். நம் பக்கம், சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து மருத்துவமனைப் பொறியியலில் எம்.டெக். நடத்துகின்றன. பொறியியல் மாணவர் வார்டுக்குள் போகிறார், நோயாளியைப் பார்க்கிறார். இந்த ஏற்பாடு இன்னும் பல ஊர்களுக்கு வர வேண்டும். மருத்துவ மாணவரும் ஆய்வுக்கூடத்தில் ஒரு செல்லையாவது அழுத்திப் பார்க்க வேண்டும்.

★ கல்லீரலுக்கு எடுக்கும் ஃபைப்ரோஸ்கேன் சோதனை இதே இயந்திரவியல்தான். விலா எலும்புகளுக்கு இடையே கருவி மெல்லத் தட்டுகிறது; தட்டிய அலை கல்லீரலுக்குள் ஓடும் வேகத்தை அது அளக்கிறது. இறுகிய கல்லீரலில் அலை விரைவாக ஓடும். நலமான கல்லீரலில் விறைப்பு சுமார் 5 கிலோபாஸ்கல். 12, 13ஐத் தாண்டினால் சிரோசிஸ் சந்தேகம் எழும். சாப்பிட்டவுடன் கல்லீரலுக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் விறைப்பும் கூடுதலாகக் காட்டும். சோதனைக்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வது இதனால்தான்.