புற்று நோயும் கடிவாளமும்

நுரையீரலில் புற்று நோய் முற்றிவிட்டது, கொடுத்த மருந்துக்கும் அது கட்டுப்படவில்லை என்று வைத்தியர் சொல்லும்போது வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இனிச் செய்வதற்கு ஏதேனும் உண்டா?" அதற்குப் புதியதொரு விடை 2015-ல் கிடைத்தது.

நம் ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் டி-அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. சரீரத்தைக் காக்கும் குதிரைப்படை என்று அவற்றைச் சொல்லலாம். காக்க வந்த படை சொந்த ஊரையே மிதித்துவிடக் கூடாதல்லவா? ஆகவே இயற்கை அதற்குக் கடிவாளம் பூட்டியிருக்கிறது. ஜப்பானில் கியோட்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த தஸூகு ஹோஞ்ஜோவின் ஆராய்ச்சிசாலையில் 1992-ல் அகப்பட்ட பி.டி.-1 அத்தகைய ஒரு கடிவாளம். அணுக்கள் தாமே மடிவதன் காரணத்தைத் தேடப் போன இடத்தில் கிடைத்தது அது! கடிவாளம் என்று தெரியப் பின்னும் பல வருஷங்கள் ஆயின.

புற்று நோய் பொல்லாத தந்திரசாலி. அந்தக் கடிவாளத்தைத் தானே பிடித்திழுத்துப் படையை நிறுத்திவிடுகிறது. நிவோலுமாப் என்ற மருந்து புற்றைக் கொல்வதில்லை. கடிவாளத்தை அதன் பிடியிலிருந்து விடுவிக்கிறது. கொல்லும் வேலை நம் அணுக்களுடையது. 2018-ல் ஹோஞ்ஜோவும், வேறொரு கடிவாளத்தை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் அலிஸனும் நோபல் பரிசு பெற்றார்கள்.

பலன் எவ்வளவு? 2015-ல் வெளியான பரிசோதனையில், முதற் சிகிச்சை பலிக்காத 272 நுரையீரல் நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பழைய மருந்தும், மற்றவர்களுக்கு நிவோலுமாபும் கொடுத்தார்கள். ஒரு வருஷத்திற்குப் பின் உயிரோடிருந்தவர்கள், பழைய மருந்தில் நூற்றுக்கு 24 பேர். புதியதில் 42 பேர். இதையும் இதன் துணைப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்து வருஷங்களுக்குப் பின் முறையே நூற்றுக்கு மூவருக்கும் குறைவு, 13 பேர். சர்வரோக நிவாரணி என்று நாம் கூத்தாட இடமில்லை. கடிவாளமற்ற படை சில சமயம் நல்ல நுரையீரலையும் குடலையும் தைராய்டுச் சுரப்பியையும் தாக்குவதுண்டு. ஆனாலும் அந்தப் பதின்மூவரில் ஒருவர் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தால், அதைச் சிறிய எண் என்போமா?

விலைதான் மலைக்க வைக்கிறது. இந்த இடத்தில் மும்பை டாட்டா ஞாபகார்த்த ஆஸ்பத்திரியின் வைத்தியர்கள் துணிந்து ஒன்று செய்தார்கள். முற்றிய தலை, கழுத்துப் புற்று நோயாளிகளுக்கு, விலை குறைந்த மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கொரு முறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் மட்டும் சேர்த்தார்கள். வழக்கமான அளவில் இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு வருஷத்திற்குப் பின் பிழைத்திருந்தவர்கள், மாத்திரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 16 பேர். இம்மருந்தும் பெற்றவர்களில் 43 பேர். 2022-ல் இது வெளியாயிற்று.

தலை, கழுத்து நோயின் கணக்கை நுரையீரலுக்கு அப்படியே பெயர்த்தெழுத முடியாது. அந்தக் கணக்கையும் நம் நாட்டு வைத்தியர்களே போட்டு முடிக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறோம்.