உமிக்கும் விலை உண்டு

அம்பர்நாத்திலிருந்து கர்ஜத்துக்கு ரயில் போகிறது. பத்லாப்பூர் தாண்டுகிறது. வாங்கணி, ஷேலு, நேரல் என்று ஊர்கள் வருகின்றன. மழைக்காலத்தில் இந்தப் பாதையில் போனால் இரண்டு பக்கமும் பச்சைப் பசேல் என்று இருக்கும். அவை நெல் வயல்கள்.

ஊரிலிருந்து புதிதாக வந்த ஆச்சி சன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். பக்கத்தில் பேரன்.

"எலே, பம்பாய்ப் பக்கம்கூட நெல்லு விளையுமா?"

"விளையும் ஆச்சி. இங்கயும் சோறுதான் திங்காங்க."

"அப்ப ரைஸ் மில்லும் இருக்கும். மில்லுன்னா உமி மலை மாதிரி குவியுமே. அதை என்னலே செய்வாங்க?"

பேரனுக்குப் பதில் தெரியவில்லை. "தூரப் போடுவாங்க" என்றான். ஆச்சி சிரித்தார்.

ஆச்சி கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடுவோம்.

ஒரு மூட்டைக் கணக்கு

நெல்லின் மேல்தோல்தான் உமி. உமிக்கு உள்ளே இருக்கும் மெல்லிய தோல் தவிடு. இரண்டும் வேறு வேறு. தவிட்டை மாடு தின்னும். தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கலாம். உமியில் சத்து இல்லை. அது மாட்டுக்கு ஆகாது.

கணக்கு எளிது. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல்.

ஒரு மூட்டை நெல் 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் உமி 15 கிலோ. அந்த உமியை எரித்தால் சாம்பல் 3 கிலோ.

நம் நாடு முழுவதும் ஓர் ஆண்டில் எவ்வளவு உமி? 2022-23ஆம் ஆண்டில் இந்தியாவில் 13 கோடி டன்னுக்கு மேல் அரிசி விளைந்தது. அப்படியானால் நெல் ஏறக்குறைய 20 கோடி டன். உமி 4 கோடி டன். இவ்வளவையும் தூரப் போட முடியுமா? போட்டால் இடம் போதாது. திறந்த வெளியில் கொளுத்தினால் ஊரெல்லாம் புகை.

உமிக்குள் மணல்

நெல் தாளைக் கையால் உருவினால் விரல் அறுபடும். நாற்று நட்ட கைகளுக்கு இது தெரியும். ஏன் அறுக்கிறது?

மண்ணில் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. ஆற்று மணலில் பெரும் பகுதி இதுதான். கண்ணாடி செய்வதும் இதை வைத்துத்தான். நெற்பயிர் தண்ணீரோடு சேர்த்துச் சிலிக்காவையும் வேரால் உறிஞ்சுகிறது. அதைத் தாளிலும் உமியிலும் சேர்த்து வைக்கிறது. அது பயிருக்குக் கவசம் போல. பூச்சி எளிதில் கடிக்க முடியாது. மழை எளிதில் நனைத்து அழுக வைக்காது.

உமி சீக்கிரம் மக்காமல் கிடப்பது இதனால்தான். உமிச் சாம்பலில் 100 பங்குக்கு 85 முதல் 95 பங்கு வரை சிலிக்கா இருக்கும். உமியின் குறையும் இதுவே. அதன் பெருமையும் இதுவே.

உமி எரிபொருள்

நம் முன்னோர் உமியை வீணாக்கவில்லை. தட்டார் உமி நெருப்பை ஊதிப் பொன்னை உருக்கினார்கள். நெல் அவிக்க உமியையே எரித்தார்கள். செங்கல் சூளையிலும் உமி போட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மில்களில் நெல் அவிக்க இன்றும் உமி எரிகிறது. நெல்லை அவிக்க அதே நெல்லின் உமி! விறகு வாங்கும் செலவு இல்லை.

உமி அடுப்பைப் பல பேர் பார்த்திருப்பார்கள். ஒரு தகர டப்பா. அடியில் பக்கவாட்டில் ஒரு துளை. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்துவார்கள். துளை வழியாக ஒரு கட்டையைச் செருகுவார்கள். சுற்றிலும் உமியையும் மரத்தூளையும் கலந்து நன்றாக இடிப்பார்கள். பிறகு பாட்டிலையும் கட்டையையும் மெதுவாக உருவுவார்கள். நடுவில் புகைக்குழாய் மாதிரி வழி கிடைக்கும். கீழே இருந்து பற்ற வைத்தால் நின்று எரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த அடுப்பைக் கதவு சாத்திய அறைக்குள் எரிக்கக் கூடாது. காற்று போதாமல் எரியும்போது ஒரு நச்சு வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே செத்துப்போவார்கள். ஒற்றை அறை வீட்டில் வாழ்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

உமியில் இன்னொரு தொல்லை உண்டு. அது இடத்தை அடைக்கும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள தொட்டியில் உமி போட்டால் 100 கிலோ அளவுதான் பிடிக்கும். லாரி நிறைந்துவிடும், எடை இருக்காது. அதனால் உமியை இயந்திரத்தில் அழுத்திக் கட்டிகளாகச் செய்கிறார்கள். பசை எதுவும் வேண்டாம். அழுத்தும்போது உண்டாகும் சூட்டில் உமியில் உள்ள பொருளே இளகி ஒட்டிக்கொள்கிறது. அதே தொட்டியில் இப்போது பல மடங்கு எடை பிடிக்கும். தொழிற்சாலை பாய்லரில் நிலக்கரிக்குப் பதிலாக இந்தக் கட்டிகளை எரிக்கலாம். அம்பர்நாத் போன்ற தொழிற்பேட்டை ஊர்களுக்கு இது பொருத்தமான எரிபொருள்.

உமி தந்த விளக்கு

பீகாரில் மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில் தம்குஹா என்று ஒரு கிராமம். அப்போது அங்கே மின்கம்பி வந்திருக்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்குதான். ஆனால் நெல் உண்டு. உமியும் உண்டு.

ஞானேஷ் பாண்டே என்ற பொறியாளரும் அவருடைய நண்பர்களும் அங்கே ஒரு வழி கண்டார்கள். ஓர் உலையில் உமியைப் போட்டார்கள். காற்றைக் குறைவாக விட்டார்கள். காற்று குறைந்தால் உமி முழுதாக எரியாது. எரியக்கூடிய வாயுவாக மாறும். அந்த வாயுவைச் சுத்தம் செய்து எஞ்சினுக்குக் கொடுத்தார்கள். எஞ்சின் ஓடியது. மின்சாரம் வந்தது. 2007ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தம்குஹாவில் உமி விளக்கு எரிந்தது.

பிறகு மேலும் பல கிராமங்களில் இப்படிச் செய்தார்கள். உலையில் மிஞ்சிய கரியை வைத்துப் பெண்கள் ஊதுபத்தி உருட்டினார்கள். அதில் அவர்களுக்குக் கூலி கிடைத்தது. பின்னாளில் சூரிய மின்சாரம் மலிவானது. அந்த நிறுவனம் சூரிய மின்சாரத்தையும் சேர்த்துக்கொண்டது.

சாம்பலில் தண்ணீர் வடிகட்டி

பூனாவில் டாட்டா ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அங்கே உமிச் சாம்பலில் தண்ணீரை வடிகட்டும் வழியை ஆராய்ந்தார்கள். அந்த வடிகட்டிக்கு 'சுஜல்' என்று பெயர். 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு அதை மக்களுக்குக் கொடுத்தார்கள்.

2009ஆம் ஆண்டு டிசம்பரில் 'டாட்டா ஸ்வச்' என்ற வடிகட்டி பம்பாயில் அறிமுகம் ஆனது. அப்போது அதன் விலை 749 ரூபாயும் 999 ரூபாயும். மின்சாரம் வேண்டாம். குழாய் இணைப்பு வேண்டாம். உமிச் சாம்பலின் மேல் வெள்ளியின் மிக நுண்ணிய துகள்களை ஏற்றியிருந்தார்கள். சாம்பல் அழுக்கைப் பிடித்தது. வெள்ளி கிருமியைக் கொன்றது.

இதைப் படித்ததும் ஒருவருக்கு ஆசை வரலாம். "நாமே வீட்டில் சாம்பலைப் பரப்பித் தண்ணீரை வடிகட்டலாமே!" வேண்டாம். வெறும் சாம்பலில் வடிகட்டினால் தண்ணீர் தெளிவாகத் தெரியும். ஆனால் கிருமி சாகாது. தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் இல்லை. காலராவும் மஞ்சள் காமாலையும் தெளிந்த தண்ணீரிலும் வரும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைப்பதே வீட்டில் செய்யக்கூடிய உறுதியான வழி.

சிமெண்டில் சாம்பல்

சிமெண்ட் கெட்டியாகும்போது அதிலிருந்து சுண்ணாம்பு பிரிகிறது. உமிச் சாம்பலில் உள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து கல் போல இறுகுகிறது. அதனால் கான்கிரீட்டில் கொஞ்சம் சிமெண்டைக் குறைத்து அரைத்த சாம்பலைச் சேர்க்கலாம். தண்ணீர் கசிவது குறையும். 1970-களில் பி. குமார் மேத்தா என்ற இந்திய அறிஞர் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார். இரும்பு ஆலைகளிலும் சாம்பல் பயன்படுகிறது. உருகிய எஃகின் மேல் இதைத் தூவுவார்கள். எஃகு சீக்கிரம் ஆறாது.

ஆனால் எல்லாச் சாம்பலும் இதற்கு ஆகாது. அளவான சூட்டில் எரிந்த சாம்பல்தான் நல்லது. 600 முதல் 700 டிகிரி வரை போதும். சூடு மிகவும் ஏறினால் சிலிக்கா கெட்டிப்பட்டுப் படிகம் ஆகிவிடும். அந்தச் சாம்பல் சிமெண்டுக்கும் நல்லதில்லை, நெஞ்சுக்கும் நல்லதில்லை.

நெஞ்சைக் காப்போம்

படிகச் சிலிக்காத் தூசியை நெடுநாள் சுவாசித்தால் நுரையீரல் தழும்பாகிச் சுருங்கும். அதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். கல் உடைக்கிறவர்களுக்கு வரும் அதே நோய். முதலில் இருமல் வரும். பிறகு மூச்சு வாங்கும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. வராமல் காப்பதே வழி.

பாய்லரில் சாம்பல் அள்ளுகிறவர்கள் மூன்று காரியம் செய்ய வேண்டும். ஒன்று, சாம்பலை நனைத்த பிறகே அள்ள வேண்டும். இரண்டு, தூசியைத் தடுக்கும் முகமூடி போட வேண்டும். கைக்குட்டை மட்டும் போதாது. மூன்று, வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்ற வேண்டும். முகமூடி கேட்பது பிச்சை கேட்பது இல்லை. அது உழைப்பவரின் உரிமை.

பழைய பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம் பாட்டிமார் உமிக்கரியில் பல் துலக்கினார்கள். பல் பளிச்சென்று ஆகும். ஆனால் உமிக்கரி மணல் தாள் போல. நாளாக நாளாகப் பல்லின் மேல்பூச்சைத் தேய்த்துவிடும். பிறகு பல் கூசும்.

வயலுக்கே திரும்பும் சாம்பல்

மீண்டும் கர்ஜத் பாதைக்கு வருவோம். கொங்கண் பக்கத்தில் 'ராப்' என்று ஒரு வழக்கம். மழைக்கு முன்னால் மரக்கிளைகளை வெட்டுவார்கள். இலை, புல், சாணம் எல்லாம் சேர்த்து நாற்றங்காலில் பரப்பிக் கொளுத்துவார்கள். களை விதை கருகிப்போகும். ஆனால் மலையில் மரங்கள் மொட்டையாகும். கிளைகளைச் சுமந்து வரும் பெண்களுக்குத் தலையும் இடுப்பும் வலிக்கும்.

டாக்டர் என்.கே. சாவந்த் என்ற வேளாண் அறிஞர் நெல் விவசாயத்துக்கு நான்கு விதிகள் சொன்னார். மராத்தியில் அதற்குச் 'சார்சூத்ரி' என்று பெயர். 'சார்' என்றால் நான்கு. நாற்றங்காலில் உமிச் சாம்பல் போடுவதும், வைக்கோலை வயலுக்கே தருவதும் முதல் விதி. கிளைரிசிடியா இலையை உரமாகப் போடுவது இரண்டாவது. அளந்து இடைவெளி விட்டு நடுவது மூன்றாவது. யூரியா உரத்தைக் கட்டியாக்கிச் சேற்றில் ஆழப் புதைப்பது நான்காவது.

சாம்பலுக்கு அளவு உண்டு. நாற்றங்காலில் ஒரு சதுர மீட்டருக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை. வெள்ளைச் சாம்பலைவிடக் கருஞ்சாம்பல் நல்லது. அதை மண்ணில் கலந்துவிட வேண்டும். மண் பொலபொலப்பாகும். நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறுபடாது. சிலிக்கா ஏறிய நாற்றுக்குத் தண்டு உறுதியாகும். தண்டு துளைக்கும் புழுவை அது தாங்கும். சாம்பல் மட்டும் முழு உரம் ஆகாது. அதில் தழைச்சத்து இல்லை. தொழு உரமும் போட வேண்டும்.

பார்த்தீர்களா? மண்ணிலிருந்து பயிர் எடுத்தது மண்ணுக்கே திரும்புகிறது.

உமி யாருக்கு?

ஒரு காலத்தில் உமியைக் கேட்டால் மில்லில் சும்மா அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். இப்போது உமிக்கு விலை வந்துவிட்டது. பல ஊர்களில் நெல் அரைக்கக் கொடுத்தால் உமி மில்காரருக்கே போகிறது. நெல் கொண்டுபோனவர் கேட்பதும் இல்லை.

அடுத்த முறை ஊரில் நெல் அரைக்கும்போது பேசிக்கொள்ளுங்கள். 10 மூட்டை நெல்லில் உமி 150 கிலோ. அது உமக்கா, மில்லுக்கா? மில்லுக்கு என்றால் அரவைக் கூலியில் எவ்வளவு குறையும்? கணக்குத் தெரிந்தவர் கேட்கலாம்.

ஆச்சியின் கேள்விக்கு இப்போது பேரனால் பதில் சொல்ல முடியும்.

"உமியைத் தூரப் போட மாட்டாங்க ஆச்சி. அதுக்கும் விலை இருக்கு."

பேசிப் பார்ப்போம்

1. 75 கிலோ நெல்லில் உமி எவ்வளவு? சாம்பல் எவ்வளவு?
2. உமி அடுப்பை மூடிய அறையில் ஏன் எரிக்கக் கூடாது?
3. சாம்பல் அள்ளும் தொழிலாளி என்ன செய்ய வேண்டும்?
4. உங்கள் ஊரில் உமியை என்ன செய்கிறார்கள்? அதன் விலை என்ன?