சர்வரில் வன்தட்டு காணவில்லையா? அவசரப்பட வேண்டாம்!

கோலசிலாங்கூரிலிருந்து ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையோரத்தில் செம்பனை மரங்கள்தான். அங்கே பால்மரம் வெட்டிய தலைமுறையின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று கணினி படிக்கிறார்கள். நம் பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கும் பெஸ்தாரி ஜெயாவிலேயே சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது.

வீட்டில் கணினி படித்த பிள்ளை இருந்தால் போதும். ஆலை அலுவலகமோ, பள்ளிக்கூடமோ, கோயில் நிர்வாகமோ, “தம்பி, கொஞ்சம் வந்து பாருங்களேன்” என்று கூப்பிட்டுவிடும். அப்படிப்பட்ட வேலைகளில் கைகால் உதற வைப்பது ஒன்று உண்டு. பழைய சர்வரில் புதிய இயங்குதளத்தைப் பதிய முயல்வோம். “வன்தட்டு எதுவும் இல்லை” என்று திரை சொல்லும். நேற்றுவரை ஓடிய சர்வர், பல ஆண்டுக் கணக்குகள் அதில்தான்!

செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். குலை ஏற்றி வரும் லாரியை உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் நிறுத்துப் பார்க்கிறார்கள். அந்த எடைக் கணக்கை வைத்துத்தான் சிறுதோட்டக்காரருக்குப் பணம். வெட்டிய குலையை நெடுநேரம் போட்டு வைக்கவும் முடியாது. புளிப்பு ஏறி எண்ணெயின் தரம் குறையும். எனவே சர்வர் நின்றால் வாசலில் லாரிகள் வரிசை கட்டும், நிர்வாகி தலைக்கு மேல் நிற்பார். அந்த நெருக்கடியில்தான் கை தவறான பொத்தானுக்குப் போகிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்வோம். ‘காணவில்லை’ என்றால் ‘அழிந்துவிட்டது’ என்று பொருள் அல்ல.

பெரட்டில் பெயர் இல்லாத ஆள்

சர்வரில் வன்தட்டுகள் பெரும்பாலும் நேராக இயங்குதளத்தோடு பேசுவதில்லை. நடுவே ‘கண்ட்ரோலர்’ என்னும் அட்டை இருக்கிறது. நாலைந்து வன்தட்டுகளைச் சேர்த்து ஒரே வட்டுபோல் காட்டுவது அதன் வேலை. இதைத்தான் ரெய்ட் என்கிறோம். அந்த அட்டையோடு பேச இயங்குதளத்துக்கு ‘டிரைவர்’ என்ற சிறு மென்பொருள் வேண்டும்.

தோட்டத்துப் பெரட்டை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். விடியற்காலையில் ஆள் களத்தில் வந்து நிற்கிறார், உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிராணியின் செக்ரோலில் அவர் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் அன்றைக்கு அவர் வேலைக்கு வராத ஆள்தான். கண்ட்ரோலரின் பெயர் டிரைவர் பட்டியலில் இல்லாவிட்டாலும் இதேதான் நடக்கிறது. அட்டை இருக்கும், வட்டும் இருக்கும், இயங்குதளத்தின் கண்ணுக்கு மட்டும் தெரியாது.

பெயர் ஏன் விடுபடுகிறது?

இது பழைய கதைதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், பதிவு தொடங்கியதும் எஃப் 6 விசையைத் தட்டி, டிரைவர் உள்ள நெகிழ்வட்டைச் செருக வேண்டும். தவறவிட்டால் மீண்டும் முதலிலிருந்து!

பிறகு வந்த பதிப்புகளில் பெயர்கள் சேர்ந்துகொண்டே போயின. சில நீக்கவும் பட்டன. 2019 மே மாதம் வெளியான ரெட் ஹெட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8, பழைய கண்ட்ரோலர்கள் பலவற்றுக்கான ஆதரவைக் கைவிட்டது. 2020இல் வந்த விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ 7.0 பதிப்பிலும் பழைய வகை டிரைவர்கள் இல்லை. இயங்குதளத்தைத் தயாரிப்பவர்கள் பழைய பொருளை என்றைக்கும் பராமரிக்க மாட்டார்கள்.

பழைய இயங்குதளத்திலேயே இருந்துவிடலாமா? விண்டோஸ் சர்வர் 2012க்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடும், சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30ஆம் தேதியோடும் முடிந்தன. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத சர்வரை இணையத்தில் விட்டு வைப்பது ஆபத்து. எனவே பலரும் பழைய இரும்பில் புதிய மென்பொருளை ஏற்ற வேண்டிய கட்டாயம்.

மாற்றுவழிகளும் உண்டு. கைவிடப்பட்ட டிரைவர்களை எல்ரெப்போ என்ற தன்னார்வக் குழு தனியாகத் தருகிறது. 2024 மே மாதம் வெளிவந்த அல்மாலினக்ஸ் 9.4, பழைய கண்ட்ரோலர்கள் பலவற்றை மீண்டும் ஏற்றுக்கொண்டது.

புதிய கணினிக்கும் இந்தத் தொல்லை வரும். இண்டெல் 11ஆம் தலைமுறைச் சில்லு உள்ள பல மடிக்கணினிகளில் விண்டோஸ் 10 போட முயன்றால் வட்டே தெரியாது. அவற்றில் உள்ள விஎம்டி என்ற அமைப்புக்கான டிரைவரை நாம்தான் கொடுக்க வேண்டும்.

வரிசையாக நான்கு கேள்விகள்

ஒன்று: சர்வர் எழும்போது கண்ட்ரோலரின் பெயர் திரையில் வருகிறதா? வராவிட்டால் கோளாறு இயங்குதளத்தில் இல்லை. மின்சாரத்தைத் துண்டித்து, அட்டையையும் கேபிள்களையும் கழற்றிச் சரியாக மாட்டிப் பாருங்கள். இடி மின்னலுக்குப் பிறகு என்றால் அட்டையே பழுதாகியிருக்கலாம்.

இரண்டு: கண்ட்ரோலரின் சொந்த அமைப்புத் திரையில் வன்தட்டுகள் தெரிகின்றனவா? அங்கே தட்டுகள் எல்லாம் நலமாக இருந்தும், அவற்றைச் சேர்த்து ஒரு ‘மெய்நிகர் வட்டு’ உருவாக்காமல் இருந்தால் இயங்குதளத்துக்கு எதுவும் தெரியாது. புது சர்வரில் இது அடிக்கடி நடக்கும். பழைய சர்வரில் ‘ஃபாரின்’ என்று காட்டினால், தட்டுகளில் உள்ள அமைப்பை அட்டை தன்னுடையதாக அடையாளம் காணவில்லை என்று பொருள். தட்டுகள் அனைத்தும் இருப்பதை உறுதி செய்துகொண்டு ‘இம்போர்ட்’ கொடுக்க வேண்டும். ‘கிளியர்’ கொடுத்தால் அந்த அமைப்பு போய்விடும்.

மூன்று: பயோஸில் ரெய்ட், ஏஹெச்சிஐ, விஎம்டி ஆகியவற்றில் எது தேர்வாகியிருக்கிறது? ஓடிக்கொண்டிருந்த கணினியில் இதை மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடக்கூடும். மாற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள். பழைய நிலைக்குத் திருப்பினால் பெரும்பாலும் மீண்டும் எழும்.

நான்கு: இவை மூன்றும் சரியென்றால் மிஞ்சுவது டிரைவர். லினக்ஸில் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளை அட்டையின் சரியான பெயரைச் சொல்லும்; எந்த டிரைவர் அதைப் பயன்படுத்துகிறது என்பதையும் கேட்டுப் பெறலாம். விண்டோஸில் பதிவுத் திரையிலேயே ‘லோட் டிரைவர்’ இருக்கிறது. பதிவிறக்கிய கோப்பை அப்படியே யுஎஸ்பியில் போட்டால் பயன் இல்லை. பிரித்து, ‘ஐஎன்எஃப்’ கோப்பு தெரியும்படி வைக்க வேண்டும். மாதிரி எண்ணும் இயங்குதளப் பதிப்பும் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும்.

செய்யக் கூடாதவை

நான்கு கேள்விக்கும் விடை தெரியும்வரை ‘இனிஷலைஸ்’, ‘ஃபார்மட்’, புதிய ரெய்ட் உருவாக்குதல் எதையும் தொடாதீர்கள். தட்டுகளின் வரிசையை மாற்றாதீர்கள்; கழற்ற நேர்ந்தால் 1, 2, 3 என்று எண் ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். ஒரு தட்டை மட்டும் வேறு கணினியில் மாட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. ரெய்ட் 5 அமைப்பில் தரவு எல்லாத் தட்டுகளிலும் பிரிந்து கிடப்பதால் ஒன்றில் மட்டும் படிக்க முடியாது. அப்போது விண்டோஸ் ‘இனிஷலைஸ் செய்யவா?’ என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ரெய்ட் இருக்கிறதே, நகல் எதற்கு என்ற எண்ணமும் தவறு. ஒரு தட்டு பழுதானால் ரெய்ட் காப்பாற்றும். தவறான பொத்தானை அழுத்தினால் அது காப்பாற்றாது. வேறோர் இடத்தில் நகல் வேண்டும், அதைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று சோதித்தும் பார்த்திருக்க வேண்டும்.

இயங்குதளத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் ஒரு சிறு சோதனை போதும். புதிய இயங்குதளம் லினக்ஸ் என்றால் அதன் நேரடிப் பதிப்பை யுஎஸ்பியில் ஏற்றி, எதையும் பதியாமல் சர்வரை அதிலிருந்து எழுப்புங்கள். வட்டு தெரிகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். விண்டோஸ் என்றால் பதிவுத் திரையில் வட்டுப் பட்டியல் வரும்வரை மட்டும் போய், வெளியேறிவிடலாம்.

இனி நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. “இன்று மட்டும் எடைச் சீட்டைக் கையால் எழுதுங்கள், நாளை சொல்கிறேன்” என்று உங்கள் கணினிப் பிள்ளை கேட்டால் கோபப்படாதீர்கள். கையால் எழுதிய ஒரு நாள் சீட்டைப் பிறகு கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். அவசரத்தில் அழித்த பல ஆண்டுக் கணக்கை யாராலும் எழுதித் தர முடியாது.