சிங்கப்பூரில் பிறந்த கேமராவைப் பிழைக்க வைப்பது எப்படி?

ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்தால் பக்கத்திலேயே சுங்கை ரோடு. 2017 ஜூலை 10ஆம் தேதி வரை அங்கே பழைய பொருள் சந்தை ஒன்று இருந்தது. 1930களிலிருந்து நடந்துவந்த சந்தை அது. தரையில் விரித்த கித்தான்மேல் கைக்கடிகாரம், வானொலிப் பெட்டி, இசைத்தட்டு, கேமரா என்று எல்லாம் பரப்பியிருப்பார்கள். ஓடாத கடிகாரத்தை ஒருவர் விற்பார். அதன் பல்சக்கரத்துக்காக இன்னொருவர் வாங்குவார்.

சந்தை போய்விட்டது. ஆனால் அங்கே விலைபோன பொருள்கள் பல வீடுகளின் அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. உங்கள் தாத்தாவின் அலமாரியில் ஒரு சின்ன உலோகக் கேமரா இருந்தால், அதன் மேல் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். ‘ரோலை 35’ என்ற பெயரும், ‘ரோலை சிங்கப்பூர் தயாரித்தது’ என்று பொருள்படும் ஆங்கில வரியும் இருந்தால், உங்கள் கையில் இருப்பது இந்த ஊர்த் தொழிலாளர்கள் பூட்டிய இயந்திரம். அதைப் பழுது பார்க்க இனி அந்தத் தொழிற்சாலை இல்லை. உதிரி பாகமும் புதிதாக வராது. பாக்கியிருப்பது அறிவியல்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைன்ஸ் வாஸ்கெ என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளர், 35 மில்லிமீட்டர் ஃபிலிம் போடக்கூடிய மிகச் சிறிய கேமராவைச் செய்ய நினைத்தார். அவர் வேலை பார்த்த நிறுவனம் கேமராத் தொழிலையே விட்டுவிட, 1965இல் ரோலை நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் ரோலை 35 அறிமுகமானது. அகலம் 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. எடை சுமார் 370 கிராம். ஜெர்மனியில் கூலி ஏறிக்கொண்டே போனதால், 1971 முதல் ரோலை தன் உற்பத்தியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தது. நுண்பொறியியல் தெரிந்தவர்கள் அப்போது இங்கே குறைவு. அதனால் பொருளியல் வளர்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து ஒரு பயிற்சி நிலையமே தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். ஜப்பானிய கேமராக்களின் போட்டியைத் தாங்க முடியாமல் 1981இல் ரோலை நொடித்துப்போனது. சிங்கப்பூர் ஆலையும் மூடப்பட்டது.

பழைய கேமரா விற்பவர்கள் ஜெர்மனியில் செய்த ரோலை 35க்குக் கூடுதல் விலை சொல்வது வழக்கம். நம் ஊரில் பூட்டியது வேலையில் எந்த விதத்தில் குறைந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இனி கேமராவைக் கையில் எடுங்கள். அவசரப்பட்டு எதையும் அழுத்த வேண்டாம்.

லென்ஸை வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள்

இந்தக் கேமராவின் லென்ஸ் குழாய் வெளியே இழுத்தால் நீளும். வேலை முடிந்ததும் உள்ளே போய்விடும். சின்னக் கேமராவுக்குள் இதை எப்படி அடக்கினார்கள்? வழக்கமாக ஷட்டர் முழுவதும் லென்ஸோடு சேர்ந்தே இருக்கும். வாஸ்கெ அதை இரண்டாகப் பிரித்தார். ஒளியை மறைக்கும் மெல்லிய தகடுகள் லென்ஸ் குழாயில் இருக்கும். அவை எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பல்சக்கரங்கள் கேமராவின் உடலில் இருக்கும். குழாயை வெளியே இழுத்துத் திருகிப் பூட்டும்போது இரண்டும் ஒன்றோடொன்று இணையும்.

ஆகவே ஒரு விதி உண்டு. லென்ஸை உள்ளே தள்ளும் முன், ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்து ஷட்டரைத் தயார்நிலையில் வைக்க வேண்டும். பிறகு பூட்டை விடுவிக்கும் பொத்தானை அழுத்தித் திருக வேண்டும். இதை அறியாதவர் “மாட்டிக்கொண்டது போலிருக்கிறது” என்று பலமாகத் திருகுவார். உள்ளே உள்ள இணைப்பு வளையும், அல்லது முறியும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேமரா ஒரு நொடியில் உதிரி பாகமாகிவிடும்.

இல்லாமல் போன பேட்டரி

ரோலை 35க்குப் படம் எடுக்க மின்சாரம் வேண்டாம். ஷட்டர் முழுக்க முழுக்கச் சுருள்வில்லால் இயங்குகிறது. ஒளிமானிக்கு மட்டுமே பேட்டரி.

அந்த ஒளிமானியின் கண், காட்மியம் சல்பைடு என்ற குறைகடத்தி. வெளிச்சம் படும்போது அதன் மின்தடை குறைகிறது. மின்தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். மேல்தட்டுச் சன்னலில் தெரியும் முள் நகரும். முன்பக்கச் சக்கரங்களைத் திருப்பி, இன்னொரு முள்ளை அதோடு சேர்த்துவிட்டால் ஷட்டர் வேகமும் துளை அளவும் சரியாகிவிடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் கற்றுக்கொள்ளலாம்.

சிக்கல் எங்கே? இந்தக் கணக்கு முழுவதும் 1.35 வோல்ட் தரும் பிஎக்ஸ் 625 என்ற பாதரசப் பேட்டரியை நம்பிப் போட்டது. பாதரசப் பேட்டரியின் சிறப்பு, தீரும் தறுவாய் வரை அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய மாறாது. ஆனால் பாதரசம் நஞ்சு. 1990களில் பல நாடுகள் இத்தகைய பேட்டரிகளைத் தடைசெய்தன. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடப்புக்கு வந்தது. தடை சரியானதே. கேமராவுக்குத்தான் வேறு வழி தேட வேண்டும்.

அதே அளவில் கடையில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரியைப் போட்டால் என்ன? அது 1.5 வோல்ட். ஓமின் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: மின்தடை அதேதான் என்றால், 1.5ஐ 1.35ஆல் வகுக்க, மின்னோட்டம் சுமார் 11 விழுக்காடு கூடும். உண்மையில் இருப்பதைவிட வெளிச்சம் அதிகம் என்று முள் பொய் சொல்லும். நீங்கள் அதை நம்பி ஒளியைக் குறைப்பீர்கள். படம் இருண்டுபோகும். நெகட்டிவ் ஃபிலிம் ஒளி சற்று மிகுந்தாலும் பொறுத்துக்கொள்ளும். குறைந்தால் நிழல் பகுதியின் விவரமெல்லாம் போய்விடும்.

அதைவிடத் தொல்லை, ஆல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் நாளாக ஆகக் குறைந்துகொண்டே வரும். இன்றைக்கு ஒரு பிழை, அடுத்த மாதம் வேறொரு பிழை. எப்போதும் ஒரே அளவில் தவறுகிற மானியைச் சமாளிக்கலாம். தவறும் அளவே மாறினால் என்ன செய்வது?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, காது கேட்கும் கருவியில் போடும் 675 எண் துத்தநாக–காற்றுப் பேட்டரி. ஒட்டுத்தாளை உரித்ததும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 1.4 வோல்ட்டைச் சீராகத் தரும். விட்டம் 11.6 மில்லிமீட்டர்தான், பழைய பேட்டரிக்கோ 16 மில்லிமீட்டர். இடைவெளியை நிரப்ப ஒரு ரப்பர் வளையம் போதும். ஜாலான் புசார் வட்டார இரும்புச் சாமான் கடைகளில் தேடிப் பார்க்கலாம். ஒரே குறை, உரித்த பிறகு பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் சில வாரங்களில் அது தீர்ந்துவிடும்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. வெள்ளி ஆக்சைடு பேட்டரி 1.55 வோல்ட்டைச் சீராகத் தரும். அதோடு ஷாட்கி டையோடு ஒன்றைத் தொடராக இணைத்தால், சிறு மின்னோட்டத்தில் அது ஏறத்தாழ 0.2 வோல்ட்டைக் குறைக்கும். 1.55லிருந்து 0.2 போனால் 1.35! ஜாலான் புசார் 10ஆம் எண் கட்டடமான சிம் லிம் டவர், மின்னணு உதிரி பாகங்களுக்குப் பேர்போன இடம். டையோடை அங்கே தேடலாம். பற்றவைக்கும்போது மட்டும் வீட்டுப் பெரியவரோ ஆசிரியரோ உடனிருக்கட்டும்.

பேட்டரி அறை ஃபிலிம் இருக்கும் பகுதிக்குள் உள்ளது. அதனால் ஃபிலிம் போட்டிருக்கும்போது பேட்டரியை மாற்ற முடியாது. இந்த ஒளிமானிக்கு நிறுத்துவிசையும் கிடையாது. கண்ணில் வெளிச்சம் படும்வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். இருட்டில் வைத்தால் மின்தடை மிக அதிகமாகி மின்னோட்டம் ஏறக்குறைய நின்றுவிடும்.

பேட்டரி அறையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி தெரிந்தால் பயப்பட வேண்டாம். பேட்டரியிலிருந்து கசிந்தது ஒரு காரம். பஞ்சுக்குச்சியில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்தால் அமிலமும் காரமும் நடுநிலையாகும். பழைய பாதரசப் பேட்டரி உள்ளேயே இருந்தால் அதை உடைக்கக் கூடாது, வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. பேட்டரிகளுக்கென வைத்துள்ள மின்கழிவுத் தொட்டிதான் அதற்கு இடம்.

அரை விநாடி உண்மையிலேயே அரை விநாடியா?

ஷட்டர் வேகங்கள் அரை விநாடியிலிருந்து 500இல் ஒரு விநாடி வரை உள்ளன. பழைய கேமராவில் வேகமானவை நன்றாக வேலை செய்யும், மெதுவானவைதான் சிக்கிக்கொள்ளும். வியப்பாக இருக்கிறதா?

500இல் ஒரு விநாடியில் சுருள்வில் தன் முழு வலுவோடு தகடுகளைத் திறந்து மூடிவிடுகிறது. அரை விநாடிக்கோ, தகடுகள் மூடுவதைச் சிறு பல்சக்கரங்கள் தாமதப்படுத்த வேண்டும். சுவர்க்கடிகாரத்தை ‘டிக் டிக்’ என்று ஓடவைக்கும் அதே அமைப்புதான். அரை விநாடியில் அமுக்கினால் ‘ட்ர்ர்ர்’ என்று அது சுழலும் ஓசை கேட்கும். ஐம்பது ஆண்டுகளில் மசகு எண்ணெய் ஆவியாகி, பசைபோல் கெட்டியாகிவிடும். பாகுத்தன்மை கூடிய எண்ணெயில் அந்தச் சக்கரங்கள் தள்ளாடுகின்றன.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஃபிலிம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பின்மூடியைக் கழற்றுங்கள். லென்ஸுக்கு முன்னால் ஒரு விளக்கு. பின்னாலிருந்து கைப்பேசியில் விநாடிக்கு 240 சட்டகங்கள் என்ற மெதுவியக்கக் காணொளி எடுங்கள். பிறகு சட்டகம் சட்டகமாக நகர்த்தி, ஒளி தெரியும் சட்டகங்களை எண்ணுங்கள். அரை விநாடிக்கு 120 வரவேண்டும். 30இல் ஒரு விநாடிக்கு 8. அரை விநாடியில் 240 வந்தால் ஷட்டர் ஒரு முழு விநாடி திறந்திருக்கிறது, அதாவது இரண்டு மடங்கு ஒளி. 500இல் ஒரு விநாடியை இந்த முறையில் அளக்க முடியாது. ஏன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சற்றே மெதுவானால், தினம் பத்துமுறை வெறுமனே அமுக்கிப் பயிற்சி கொடுங்கள்; சில கேமராக்கள் அதிலேயே தேறிவிடும். தேறாவிட்டால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். லைட்டர் திரவத்தை முன்பக்கம் விட்டுக் கழுவலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது எளிதில் தீப்பற்றும். தவிர, பழைய எண்ணெயைக் கரைத்துக்கொண்டுபோய்த் தகடுகள்மேல் படியவிடும். வறண்டு இருக்க வேண்டிய தகடுகள் ஒட்டிக்கொள்ளும்.

ஈரம்

சிங்கப்பூரின் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பூஞ்சைக்கு இது விருந்து. லென்ஸில் படிந்த விரல்ரேகையின் எண்ணெயும் தூசியும் அதற்கு உணவு. கைவிளக்கை லென்ஸின் ஒரு பக்கத்தில் பிடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் அதுதான். பூஞ்சை சுரக்கும் அமிலம் முதலில் லென்ஸின் மேற்பூச்சையும் பிறகு கண்ணாடியையும் அரிக்கும். பூஞ்சையைத் துடைத்தெடுக்கலாம். அரித்த தடத்தை எடுக்க முடியாது.

தோலுறையில் வைத்தால் ஒளிமானிக்கு இருட்டு கிடைக்கும். ஆனால் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எனவே பேட்டரியைக் கழற்றிவிட்டு, உறையில்லாமல், காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பெட்டிக்குள் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் போதும். ஒரு சிறு ஈரமானியைப் பெட்டிக்குள் போட்டால் தெரிந்துவிடும். மணிகளின் நிறம் மாறினால், ஈரத்தை உறிஞ்சி நிறைந்துவிட்டன என்று பொருள்.

ஒளிமானியே செத்துவிட்டால்?

காட்மியம் சல்பைடு கண்ணும் முதுமையில் களைத்துப்போகும். அதற்குப் புதிது கிடையாது. இறந்துபோன இன்னொரு ரோலையிலிருந்து தானமாக எடுத்தால்தான் உண்டு. கிடைக்காவிட்டாலும் படம் எடுப்பது நிற்காது. ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் போட்டு, ஷட்டரை 125இல் ஒரு விநாடியில் வையுங்கள். நிழல் கூர்மையாக விழும் வெயிலில் துளை எஃப் 16. நிழலின் ஓரம் மங்கினால் எஃப் 11. நிழலே விழாத மேகமூட்டத்தில் எஃப் 8. மழை வரப்போகிற மாலையில் எஃப் 5.6. நம் ஊர் வானத்துக்குக் கடைசி இரண்டையும் நன்றாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

தூரத்தையும் கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். இந்தக் கேமரா குவியத்தைக் காட்டாது. எஃப் 8இல் தூரத்தை 6 மீட்டரில் வைத்தால், சுமார் மூன்றரை மீட்டரிலிருந்து சாலையின் மறுகோடி வரை தெளிவாக விழும். ஜாலான் புசாரின் பழைய கடைவீடுகளைப் படமெடுக்க இது போதும்.

முதல் ஃபிலிம் சோதனை ஃபிலிம். ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் வேகம், துளை, வானிலை மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி, கழுவி வந்த நெகட்டிவோடு ஒப்பிடுங்கள். எந்த வேகம் தவறுகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். எத்தனை படம் ஆயிற்று என்று பார்க்கக் கேமராவைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். எண்காட்டி அடியில் இருக்கிறது. கேமராவைப் பைக்குள் போடப் போகிறீர்களா? லென்ஸை உள்ளே தள்ளும் முன் லீவரை இழுத்தீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.