மூக்கு: ஒரு சொல்லின் சமூக வழக்காறு

சொல்லாராய்ச்சி என்பது நம்மிடையே பெரும்பாலும் வேர் தேடும் முயற்சியாகவே நின்றுவிடுகின்றது. வேரைக் கண்டபின் அச்சொல் யார் வாயில், எந்தத் தொழிலிடத்தில், எவ்வகை உறவின் நடுவே வழங்கிற்று என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. அன்றாடம் வழங்கும் எளிய உறுப்புப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டு அவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூக்கு என்பதற்கு நாசி, பறவையின் அலகு, பாத்திரத்தில் நீர் வார்க்கும் உறுப்பு, பொருளொன்றின் கூரிய முன்பகுதி எனப் பல பொருள்கள் உள. மலையாளத்தில் மூக்கு, கன்னடத்தில் மூகு, தெலுங்கில் முக்கு என வழங்கும் இச்சொல் திராவிட மொழிகளுக்குப் பொதுவானது என்பதைப் பறோவும் எமனோவும் 1961 இல் வெளியிட்ட சொற்பிறப்பியல் அகராதி காட்டும். தெலுங்கிலும் மலையாளத்திலும் பறவையின் அலகு இதே சொல்லாற் சுட்டப்படுதலால், முகத்தில் முன்னே நீண்டு நிற்பது என்னும் வடிவக் கருத்து தொன்மையானதென்று கொள்ளலாம்.

இலக்கண நூலோர்க்கு மூக்கு ஒலிக்குரிய இடம். தொல்காப்பியம் எழுத்துகளின் பிறப்பிற்குக் கூறும் எட்டு இடங்களுள் மூக்கும் ஒன்று. மெல்லெழுத்து ஆறும் தத்தமக்குரிய வாயிடத்திலே பிறப்பினும் மூக்கின்வழி வரும் வளியாலேயே முழுமை பெறும் என்பது அந்நூலின் கருத்து. பிற்காலத்து நன்னூல் மெல்லினத்தின் இடம் மூக்கு என்று சுருக்கிவிடும். இன்றைய ஒலியியலுக்கு நெருங்கி நிற்பது தொல்காப்பியரின் கூற்றே என்பது நமது துணிபு. பேச்சு வழக்கோ இங்கு ஒரு வேடிக்கை செய்கின்றது. சளி பிடித்தவனை “மூக்காலே பேசுகிறான்” என்கிறோம். உண்மையில் அவன் மூக்கு அடைபட்டிருப்பதால் மகரம் பகரத்தின் சாயலைப் பெறுகின்றது. மூக்காற் பேச இயலாமையே அவன் குறை.

பறவை மூக்கினைப் பொறுத்தவரை ஈழத்து வழக்கும் தமிழக வழக்கும் பிரிந்து நிற்கின்றன. யாழ்ப்பாணத்தார் பறவைக்குச் சொண்டு என்பர். மனித உதட்டிற்கும் அதுவே பெயர். ஆகவே கிளியின் அலகுபோல் நுனி வளைந்த மாங்கனி தமிழகத்திலே கிளிமூக்கு எனவும், யாழ்ப்பாணத்திலே கிளிச்சொண்டன் எனவும் பெயர் பெற்றது. இரண்டும் ஒரே இனமெனக் கொள்ள வேண்டியதில்லை. பெயரிடும் கண் ஒன்றே. அதே கண் கோயிற் கட்டடக் கலையிலும் உண்டு. விமானத்தின் முன்னே நீண்டு நிற்கும் உறுப்பினைச் சுகநாசி என்பர். சுகம் கிளி, நாசி மூக்கு. தோட்டக்காரனும் சிற்பியும் கண்டது ஒரே வடிவம். கோயில் விமானத்தில் ஏறியபோது வடசொல்லாகிய அது, மாமரத்தில் நின்றபோது தமிழாகவே இருந்துவிட்டது.

பாத்திரத்தின் மூக்கே நமக்கு முக்கியமானது. யாழ்ப்பாணத்து மூக்குப்பேணி இன்று பெரும்பாலும் அலங்காரப் பொருளாகிவிட்டது. ஒரு பக்கத்திலே சிறு மூக்குப் பொருந்திய இவ்வுலோகப் பேணியை உயர்த்திச் சரித்து, இதழ் படாமல் வாயில் வார்த்துக் குடிப்பர். மூக்கு இங்கு வெறும் வடிவ ஒப்புமை அன்று. ஒருவர் குடித்த பேணி கழுவப்படாமலே அடுத்தவர் கைக்குச் செல்லலாம், எச்சில் இல்லை. எச்சில் என்பதில் சுகாதாரமும் உண்டு, ஆசாரமும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் மூக்குப்பேணியைப் பண்பாட்டுச் சின்னமாகப் போற்றுவோர் பலர். அவர்களிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்றே. வாய் படாது குடிப்பதற்கு ஏற்ற கலத்தை ஆக்கி வைத்திருந்த அதே சமூகந்தான் ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் குடிநீரும் தேநீரும் கொடுத்தது. எச்சிலைத் தவிர்ப்பதே நோக்கமாயின் மூக்குள்ள ஒரு பேணி எல்லோர்க்கும் போதுமாயிருந்திருக்கும். அது போதவில்லை. தீட்டு வாயிலே குறிக்கப்படவில்லை, பிறப்பிலே குறிக்கப்பட்டிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொது இடங்களில் இத்தகைய வேற்றுமையைக் குற்றமாக்கியது. எனினும் 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தின் பின்னரும், சங்கானை, நெல்லியடி முதலிய இடங்களில் நடந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களின் பின்னருமே கடைகள் பல திறந்தன. கே. டானியலின் நாவல்களைப் படிப்போர் இக்கலங்களின் வரலாற்றை அங்கே காண்பர். அகராதியோ பேணியின் மூக்கை மட்டுமே விளக்கும்.

மாட்டின் மூக்கு வேறொரு வரலாறுடையது. மூக்கணாங்கயிற்றை யாழ்ப்பாணத்தார் நாணயக்கயிறு என்பர். உடலின் மிக மென்மையான இடத்தைத் துளைத்துக் கயிறிட்டால் பெரு வலிமையையும் ஒரு கையால் அடக்கலாம் என்பது உழவர் கண்ட உண்மை. அடங்காத இளைஞனுக்குக் கல்யாணம் செய்து வைத்தலை “மூக்கணாங்கயிறு போடுதல்” என்பர். இத்தொடரில் கட்டப்படுபவன் ஆண். கயிறாக ஆக்கப்படுபவள் பெண். அவள் கருத்து என்ன என்று வழக்கு கேட்பதில்லை. அவளது மூக்கும் துளைக்கப்படுகின்றது, ஆனால் அதற்கு அணி என்று பெயர். மூக்குத்தி பழந்தமிழ் அணியென்பது பலர் நம்பிக்கை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை மாதவியின் அணிகளைக் காலிலிருந்து தலைவரை நிரல்பட விரித்துரைக்கின்றது. அந்நிரலில் மூக்கணி இல்லை.

அவமானத்தைக் குறிக்கும் மூக்கறுபடுதல் என்னும் தொடரை இன்று விவாத மேடையில் தோற்றவனுக்கு எளிதாகச் சொல்கிறோம். அதன் பின்னே உண்மையான கத்தி இருந்தது. திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், 1656 ஐ ஒட்டி, மைசூர்ப் படை மதுரை நாட்டினுட் புகுந்து அகப்பட்டோரின் மூக்கை அறுத்தது. சேதுபதியின் துணையோடு மதுரைப் படை அதனைத் துரத்திச் சென்று மைசூர் நாட்டில் அதே செயலைச் செய்தது. இப்போர் மூக்கறு போர் என்றே பெயர் பெற்றது. மன்னர் இருவரின் மூக்கும் பழுதின்றி இருந்தன, அறுபட்டவை குடிமக்களுடையவை. திப்புவின் படையிடம் அகப்பட்டு மூக்கிழந்த ஆங்கிலப் படையின் மாட்டு வண்டிக்காரர் ஒருவருக்கு நெற்றித் தோலைக் கொண்டு புது மூக்கு அமைக்கப்பட்ட செய்தி 1794 இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. ஐரோப்பிய மருத்துவர் இம்முறையைக் கற்க அது தூண்டுதலாயிற்று. பெண்ணுக்கு இத்தண்டனை விதிக்கப்படும்போது காவியம் அதனை நியாயமாக்கும். சூர்ப்பனகையின் மூக்கு அறுபட்டதைக் கேட்டு நம் சிறுவர்கள் சிரிக்கப் பழகியிருக்கின்றனர்.

மூக்குமுட்ட உண்ணல், மூக்கின்மேல் விரல் வைத்தல், மூக்கின் நுனியிற் கோபம், மூக்கால் அழுதல், மூக்கும் முழியுமாய் இருத்தல் முதலிய தொடர்கள் யாவரும் அறிந்தவை, விரிவு வேண்டா. மூக்கில் வியர்த்தல் மட்டும் ஒரு சொல் வேண்டி நிற்கின்றது. எங்கோ ஒருவருக்கு ஆதாயம் வந்ததும் அழையாமலே வந்து நிற்பவனைக் கழுகோடு ஒப்பிட்டுக் கூறுவது இது. வட்டிக்குக் கொடுப்போரையும் தரகரையும் அறுவடைக் களத்திலே கண்ட உழவனின் கசப்பு இதில் இருக்கக்கூடும். மூக்கை நுழைத்தல் என்பது ஆங்கிலத் தொடரோடு பெரிதும் ஒத்திருத்தலால் அதனைப் பழைய அடுக்கிற் சேர்க்க நாம் துணியோம்.

போர்த்துக்கேயர் வழிவந்த புகையிலை மூக்குத்தூளைத் தந்தது. கண்ணுக்கு உதவுவதாயினும் தாங்கும் உறுப்பின் பெயரால் மூக்குக்கண்ணாடி தோன்றிற்று. இன்று பேச்சில் அது வெறும் கண்ணாடி ஆகிவிட்டது. சுமக்கும் மூக்கின் பெயரே முதலில் உதிர்ந்தது.