மாரிக் கிணறும் ஜீவனித் தண்ணீரும்

பிள்ளைக்கு வயிறு குழம்பினால் எங்கள் வீடுகளில் முதலில் வருகிற பேச்சு "செமிக்கேல்லைப் போல". அம்மம்மா ஓமத்திரவத்தோடு வந்துவிடுவா. "கொஞ்சம் குடுத்துப் பார் பிள்ளை, வாயு இறங்கினால் சரி." சாப்பாடு கூடி வயிறு ஊதிக் கிடக்கிற வளர்ந்த பிள்ளைக்கு அது பெரும்பாலும் போதும். ஒருநேரம் கஞ்சியோடு விட்டால் பின்னேரம் விளையாடப் போய்விடும். காய்ச்சலும் சத்தியும் சேர்ந்து, தண்ணீராகப் போகத் தொடங்கினால் கிருமி உள்ளே போயிருக்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.

 அந்தக் கிருமி வரும் வழிகளில் ஒன்று கிணறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைநீரைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். வெடிப்பும் பொந்துமான அந்தக் கல் மணலைப் போல அழுக்கை வடிக்காது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடியாவது வேண்டும் என்பார்கள். இரண்டு பரப்புக் காணியில், பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்துப் பார்த்தால், அதற்கு எங்கே இடம்? கார்த்திகை மழையில் நீர்மட்டம் ஏறும்போது குழியில் உள்ளது கிணற்றுக்குள் வந்துவிடுகிறது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நெருப்புக்காய்ச்சல் அதிகம் பதிவான மாவட்டங்களில் யாழ்ப்பாணம் முன்னணியில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயிற்றோட்டம் வந்துவிட்டால் இழந்த நீரை ஈடுசெய்வதே முதல் வேலை. வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவர் 1855 இல் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். இழந்த நீரை வாய்வழியே முறையாக ஈடுசெய்யும் வழி அன்று எவருக்கும் தெரியாது. 1971 இல் மேற்கு வங்காளத்தின் பொங்கான் அகதி முகாமில் சேலைன் தீர்ந்துபோனபோது, டொக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை உறவினர் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுப்பித்தார். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்த இடத்தில் இறப்பு 4 இலும் குறைந்தது. நம் பார்மசிகளில் கிடைக்கும் ஜீவனி அந்த வழியில் வந்ததுதான்.

அதைக் கரைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அரைப் பக்கற்றை ஒரு கோப்பைத் தண்ணீரில் போடக்கூடாது. ஒரு லீற்றர் பக்கற் என்றால் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் முழுவதையும் கரையுங்கள். 24 மணி நேரத்தில் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். ஒவ்வொரு தடவை போன பின்பும், இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லிலீற்றர், மூத்த பிள்ளைக்கு 200 வரை. சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். டொக்டர் துத்தநாகக் குளிசை எழுதினால், வயிற்றோட்டம் நின்றாலும் 10 முதல் 14 நாள் கொடுத்து முடியுங்கள்.

போன தடவை மிஞ்சிய அன்ரிபயோட்டிக்கை எடுத்துக் கொடுப்பது எனக்குப் பெரும் கவலை தருகிறது. பிள்ளைகளின் வயிற்றோட்டத்தில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையில்லை. இரத்தமும் சளியுமாகப் போகும் வயிற்றுளைவுக்கும் நெருப்புக்காய்ச்சலுக்கும் தேவை. அதையும் டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். வயிற்றோட்டத்தைக் கட்டும் குளிசை பிள்ளைகளுக்கு ஆபத்து.

கண் குழிந்து, அழுதாலும் கண்ணீர் வராமல், சலம் குறைந்து, பிள்ளை சோர்ந்து கிடந்தால் விடியும்வரை காத்திராதீர்கள். உடனே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மாரி தொடங்குமுன் வீட்டில் இரண்டு ஜீவனிப் பக்கற் வாங்கி வையுங்கள். கிணற்றுக்குக் குளோரின் இடுவதுபற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பிள்ளைக்குக் கொதித்தாறிய நீரை மட்டுமே கொடுங்கள்.