புதிய முழங்காலும் பழைய அச்சமும்

 

கடுகண்ணாவை போன்ற மலைப்பாங்கான ஊர்களில் வாழும் நமக்கு முழங்காலின் அருமை நன்கு தெரியும். வீட்டுக்குப் படிகள், பாதைக்கு ஏற்றம். மூட்டு தேய்ந்து, மருந்தாலும் பயிற்சியாலும் வலி தணியாதபோது, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டை வைத்தியர்கள் பொருத்துகின்றனர். பெரும்பாலானோர் இதனால் நற்பயன் அடைகின்றனர். ஆயினும் 2010இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்றில், 100 பேரில் ஏறத்தாழ 19 பேர் திருப்தியடையவில்லை. எதிர்பார்த்தது நிறைவேறாமையே அதற்கு மிக வலுவான காரணமாகக் காணப்பட்டது. ஆகவே மூட்டைப் போன்றே மனத்தையும் கவனிப்பது அவசியமாகும்.

முதலாவது, அச்சம். வலித்தால் மூட்டு கழன்றுவிடும் என அஞ்சிச் சிலர் காலை மடக்க மறுக்கின்றனர். மடக்காத மூட்டினுள் தழும்புத் தசை இறுகுகின்றது. இறுகிய மூட்டு மேலும் வலிக்கின்றது. அவ்வலி அச்சத்தை வளர்க்கின்றது. சத்திரசிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ எழுந்து நிற்கச் சொல்வது கொடுமையன்று, அதுவும் சிகிச்சையே. பயிற்சியின்போது ஏற்படும் வலி இயல்பானது. ஆனால் காய்ச்சல், காயத்தில் நீர்க்கசிவு, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் என்பன தோன்றினால் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

இரண்டாவது, மனச்சோர்வு. சிகிச்சைக்கு முன்பே கவலையிலும் சோர்விலும் இருப்பவர்கள் பின்னர் அதிக வலியை உணர்கின்றனர். இதனை ஈமானின் பலவீனம் என்று பழிக்காதீர்கள். உறக்கமின்மையையும் அழுகையையும் வைத்தியரிடம் கூறுங்கள். அதற்கும் மருந்துண்டு.

மூன்றாவது, எதிர்பார்ப்பு. "இனி நிலத்தில் ஸுஜூது செய்யலாம்" என்ற ஆசையுடனேயே நம் தாய்மார் பலர் சம்மதிக்கின்றனர். புதிய மூட்டு பொதுவாக 110 முதல் 120 பாகை வரையே மடங்கும். தொழுகையின் இருப்புக்கு அதனிலும் கூடுதலாக மடங்க வேண்டும். தழும்பின் வெளிப்புறத்தில் மரத்துப்போன உணர்வும் இருக்கலாம். இவ்வுண்மையை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டறியாதவர், நன்றாக நடந்தும்கூடத் தோற்றுவிட்டதாகவே எண்ணுவார். நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள், நிற்க இயலாவிடின் அமர்ந்தும், அதுவும் இயலாவிடின் விலாப்புறமாய்ச் சாய்ந்தும் தொழுமாறு கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. கதிரையில் தொழ நேர்ந்த தாய் எதனையும் இழந்தவரல்லர்.

இளைஞர்களே! "உம்மா, நீங்கள் எழும்ப வேண்டாம்" என்று யாவற்றையும் கட்டிலுக்கே கொண்டு வந்து கொடுப்பது அன்புதான். ஆனால் அவ்வன்பு தாயைக் கட்டிலோடு கட்டிவிடும். அவரோடு சேர்ந்து நடப்பதே மேலான கித்மத். இந்தியப் பிரதமராயிருந்த வாஜ்பாய், 2000 ஒக்டோபரில் ஒரு முழங்காலுக்கும் 2001 ஜூனில் மற்றைய முழங்காலுக்கும் மும்பையில் சிகிச்சை பெற்றார். இரண்டாவது சிகிச்சை முடிந்து ஆறு வாரங்களுக்குள், தம் 76ஆவது வயதில், பாகிஸ்தான் ஜனாதிபதியுடன் ஆக்ராவில் பேச்சுவார்த்தை நடத்தினார். வயது மட்டுமே தடையன்று. காத்திருக்கும் ஒரு கடமை மனிதனை எழுப்பிவிடும். உங்கள் தாய்க்கும் ஒன்றை விட்டு வையுங்கள்: வாசல் வரை நடந்து செடிக்கு நீரூற்றுவது, பேரப்பிள்ளைக்கு ஓதிக் கொடுப்பது. இன்று பத்து அடி, நாளை பதினைந்து அடி என எண்ணிப் பாராட்டுங்கள்.

வல்ல அல்லாஹ் நோயுற்றோருக்கு ஷிபாவையும், பணிவிடை செய்வோருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.